என் பேட்ச்சுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குள் (யாரும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள் திட்டங்கள்) வெளியாட்கள் பேட்ச், அதாவது கோடில் ஒரு திருத்தம், அனுப்பி எப்படி நுழைகிறார்கள் என்று இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, “அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை” என்றன. மீதிப் பாதி எதிர்ப்பக்கத்திலிருந்து, “வருகிறார்கள், கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் காணாமல் போகிறார்கள்” என்றன. இரண்டு பக்கத்து வருத்தமும் நியாயமானது என்பதால் இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் இதைப் பற்றியவைதான்.

கேள்வி: மென்டர், ஸ்பான்சர் என்று இரண்டு வார்த்தைகளும் மாறி மாறி வருகின்றன. ஸ்பான்சர் என்றால் பணம் கொடுப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு யார் தேவை?
– கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி

பணம் கொடுக்கும் ஸ்பான்சரும் உண்டு. நீங்கள் பார்த்த இடத்தில் அர்த்தம் வேறு. எந்தத் திட்டத்திலும் கோடை நேரடியாக உள்ளே சேர்க்கும் உரிமை சிலரிடம்தான் இருக்கும். அந்த உரிமை இல்லாத ஒருவர் செய்த வேலையை, உரிமை உள்ள ஒருவர் வாங்கிப் படித்து, சோதித்து, தன் பொறுப்பில் உள்ளே ஏற்றினால் அவர்தான் ஸ்பான்சர்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் தொடங்கிய திட்டம், இன்றைக்கும் அங்கே எந்தப் பேக்கேஜையும் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) ஏற்றும் உரிமை சுமார் ஆயிரம் டெவலப்பர்களுக்குத்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு பேக்கேஜ் தயார் செய்தால், அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்து, ‘ஸ்பான்சர் தேவை’ என்று ஒரு பக் பதிவு செய்ய வேண்டும். அதை எடுத்துக்கொள்ளும் டெவலப்பர் தன்னுடைய மெஷினில் பில்ட் செய்து பார்த்து, தன்னுடைய ஜிபிஜி என்ற டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டு ஏற்றுவார். மெயின்டெய்னர் (பராமரிப்பவர்) என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும், கையெழுத்து அவருடையது. நாளைக்கு அந்தப் பேக்கேஜ் எதையாவது உடைத்தால் அவரிடமும் கேள்வி வரும்.

ஜாவா மொழியின் ஓப்பன் சோர்ஸ் திட்டமான ஓப்பன்ஜேடிகேவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரிவ்யூ முடிந்ததும் நீங்கள் ‘இன்டக்ரேட்’ என்ற கட்டளையைப் போடுவீர்கள், உங்களுக்கு கமிட்டர் (நேரடியாக உள்ளே சேர்க்கும் உரிமை உள்ளவர்) தகுதி இல்லையென்றால் பாட் என்ற தானியங்கி நிரல் அங்கேயே நிறுத்திவைக்கும், ஒரு கமிட்டர் வந்து ‘ஸ்பான்சர்’ என்று போட்டால்தான் மாற்றம் உள்ளே போகும். பைத்தானில் மொழியை மாற்றும் முன்மொழிவுகளை பெப் என்பார்கள். எழுதுகிறவர்களில் ஒருவர்கூட கோர் டெவலப்பர் இல்லையென்றால் அதற்கும் ஸ்பான்சர் வேண்டும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் திட்டத்தில் பேக்கேஜர் குழுவுக்குள் வருவதற்கே வழக்கமாக ஒருவர் ஸ்பான்சர் செய்ய வேண்டும்.

மென்டரின் வேலை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எந்த ஃபைலைத் திறப்பது, டெஸ்டை எப்படி ஓட்டுவது, யாரிடம் எதைக் கேட்கலாம் என்று கூட இருந்து சொல்பவர் அவர். மென்டர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், ஸ்பான்சர் தன் பெயரைக் கொடுக்கிறார். பல சமயம் இரண்டும் ஒரே ஆளாக இருக்கும். உங்களுக்கு இப்போது தேவை மென்டர். ஏற்றுவதற்கு வேலை ஒன்று கையில் வந்த பிறகு ஸ்பான்சரைத் தேடலாம்.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பேட்ச் அனுப்பினேன். ஒரு வரி பதில் இல்லை. திரும்பக் கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ?
– வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் கோட் எழுதும் வாசகர்

கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக்குள் கருத்து வரும், குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்துவிட்டு நினைவூட்டலாம் என்று. அத்தனை பெரிய திட்டமே நினைவூட்டச் சொல்லும்போது நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் பேட்ச் எட்டு வரி. தேதியைப் படிக்கும் ஒரு ஃபங்ஷனில் மாதக் கடைசி வந்தால் ஒரு நாள் தள்ளிப்போய்விடும், அதைச் சரி செய்திருந்தேன். ஐந்து வாரம் தினமும் மெயிலைத் திறந்து பார்த்தேன். அப்புறம், நம் கோட் மோசம் போலிருக்கிறது, சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டி ஒதுங்கிவிட்டேன். ஒரு வருடம் கழித்து அந்தத் திட்டத்திலிருந்த ஒருவரிடம் பேசியபோதுதான் தெரிந்தது, அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அந்த வரிசையை அதற்குப் பிறகு யாருமே திறக்கவில்லை. என் எட்டு வரியை ஒருவரும் படிக்கவில்லை. படித்து நிராகரித்தார்கள் என்று நம்பிக்கொண்டு ஒரு வருடத்தை இழந்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், மௌனத்துக்கு நீங்களாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளாதீர்கள்.

கேட்கும்போது ‘ஏதாவது தகவல் உண்டா’ என்று மட்டும் கேட்டால் அவர் மறுபடி எல்லாவற்றையும் திறந்து படிக்க வேண்டியிருக்கும். முதலில் உங்கள் பேட்சை இன்றைய கோடின் மேல் ரீபேஸ் செய்துவிடுங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்: “மூன்று வாரத்துக்கு முன் அனுப்பியது. மாதக் கடைசித் தேதிகளில் வரும் பிழையைச் சரிசெய்கிறது. இன்றைய கோடின் மேல் மறுபடி பொருத்தி எல்லா டெஸ்டும் ஓட்டிவிட்டேன். இதைப் பார்க்க வேறு யாராவது பொருத்தமானவர் என்றால் சொல்லுங்கள்.” அந்தக் கடைசி வரி முக்கியம். நேரமில்லாதவருக்கு அது ஒரு கதவைத் திறந்துவிடுகிறது, இன்னொருவர் பெயரைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக நகரலாம்.

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையென்றால் நீங்கள் தொட்ட ஃபைலின் கிட் லாகை, அதாவது மாற்றங்களின் வரலாற்றைப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் அதில் கை வைத்தவர்கள் யாரோ அவர்களுக்குத்தான் அதைப் பற்றி அக்கறை இருக்கும். கெர்னலில் இதைக் கண்டுபிடித்துத் தரவே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. இரண்டு முறை நினைவூட்டியும் சத்தமே இல்லையென்றால் வேறு திட்டத்துக்குப் போங்கள். அது உங்கள் குறை அல்ல.

கேள்வி: ஒரு சின்ன லைப்ரரியை இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம். புதிதாக வருபவருக்கு நான்கு மாலை செலவழித்துச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு பேட்சோடு போய்விடுகிறார். அந்த வேலையை நானே செய்தால் இருபது நிமிடம். எதற்காக இதைத் தொடர வேண்டும்?
– ஒரு மெயின்டெய்னர்

உங்கள் கணக்கு சரி. இருபது நிமிட வேலையைச் சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்தால் நான்கு மாலை போகும், இதை யாரும் மறுக்க வேண்டாம். நானும் பல வருடம் இதே கணக்கைப் போட்டு, சின்ன பக்கையெல்லாம் நானே இரவோடு இரவாக முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் படுத்தபோது திட்டத்தில் ஒரு மாற்றம்கூட உள்ளே போகவில்லை. அப்போதுதான், மிச்சம் பிடித்ததாக நான் நினைத்த இருபது இருபது நிமிடமும் என் ஒருவன் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது புரிந்தது.

ஒரு காட்சி சொல்கிறேன். கான்ஃபிக் ஃபைலின் கடைசி வரியில் என்டர் இல்லாவிட்டால் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடும் ஒரு பக். புதியவர் ஒருவர் அனுப்பிய பேட்ச், ஃபைலின் கடைசியில் ஒரு என்டரைச் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு படித்தது. வேலை செய்யும், ஆனால் பயனருடைய ஃபைலை நாம் மாற்றுவது தவறு. திருத்தி எழுதிவிடலாம் என்று கை பரபரத்தது. “இது சரியில்லை” என்று மூடிவிடவும் முடியும். நான் எழுதியது ஒரே கேள்வி: “இந்த ஃபைலைப் படிக்க மட்டும் அனுமதி இருந்து, எழுத அனுமதி இல்லையென்றால் இந்த வரி என்ன செய்யும்? அதற்கு ஒரு டெஸ்ட் எழுதிப் பார்க்கிறீர்களா?” அடுத்த நாள் டெஸ்ட் வந்தது, தோற்றது, அவரே காரணத்தைப் புரிந்துகொண்டு பேட்சை மாற்றினார். கூடவே முற்றிலும் காலியான ஃபைலுக்கும் ஒரு டெஸ்ட் எழுதியிருந்தார், அதில் ஆறு வருடமாக எங்கள் யார் கண்ணிலும் படாத இன்னொரு பக் வெளியே வந்தது. அவர் அதற்குப் பிறகு மூன்று பேட்ச் அனுப்பினார், அப்புறம் வரவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த டெஸ்டுகள் இன்னும் ஒவ்வொரு பில்டிலும் ஓடுகின்றன.

சரி, நான்கு மாலையை ஒரு மாலையாகக் குறைக்க வழி உண்டு. புதியவர்களுக்கு என்று நீங்கள் லேபிள் ஒட்டும் வேலையில் விவரம் எழுதுங்கள். ‘எளிது’ என்று சொல்லிவிட்டால் அது உங்களுக்கு மட்டும்தான் எளிது. எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன், இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், எந்த டெஸ்டை ஓட்டினால் தெரியும் என்று பத்து நிமிடம் எழுதிவைத்தால், பிறகு வரும் இருபது கேள்வி வராது. எழுதிய பிறகு அந்த வேலையை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும்போது முடித்துவிடாதீர்கள், பழையவர்கள் பலருக்கும் இருக்கும் பழக்கம் இது.

முதல் பதிலைச் சீக்கிரம் போடுங்கள். மொசில்லாவில் தங்கள் தரவை அலசியபோது, முதல் பேட்ச்சுக்கு 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ கிடைத்தவர்கள் திரும்பி வருவது மிக அதிகம் என்றும், 7 நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏறக்குறைய யாருமே திரும்பவில்லை என்றும் கண்டார்கள். முழு ரிவ்யூ முடியாவிட்டாலும் “பார்த்தேன், சனிக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்” என்று ஒரு வரி போதும், ஆனால் சனிக்கிழமை படித்துவிட வேண்டும்.

இடைவெளி, கமா, வரி நீளம் எல்லாவற்றையும் ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள். முதல் பேட்ச்சில் இருபத்து மூன்று கமென்ட் பார்க்கும் ஒருவருக்கு எது பெரியது, எது சின்னது என்று தெரியாது. கடைசியில் சின்னத் திருத்தம்தான் பாக்கி என்றால் நீங்களே செய்து மெர்ஜ் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் ஒன்று, கிட்டில் ஆத்தர் வேறு, கமிட்டர் வேறு. ஏற்றுவது நீங்களாக இருந்தாலும் ஆத்தர் இடத்தில் அவர் பெயர்தான் நிற்க வேண்டும். அடுத்தவர் உழைத்த பேட்சை மூடிவிட்டு அதே மாற்றத்தைத் தன் பெயரில் சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: 2024-ல் எக்ஸ்இசட் விவகாரம் வந்த பிறகு முகம் தெரியாத யாரையும் ஸ்பான்சர் செய்யப் பயமாக இருக்கிறது. பயப்படுவது தவறா?
– பேக்கேஜ் ஏற்றும் உரிமை உள்ள வாசகர்

தவறில்லை, அந்தப் பயம் இருக்க வேண்டியதுதான். தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்கு இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி, நம்பிக்கை பெற்று, மெயின்டெய்னராகவே ஆனார். 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்து, மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார்.

இதிலிருந்து ‘வெளியாட்களை நம்பாதே’ என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியைத்தான் பார்க்கிறோம். அந்த மென்பொருளைப் பல வருடமாகக் கிட்டத்தட்ட ஒரே ஆள் சுமந்துகொண்டிருந்தார், களைத்துப்போயிருந்தார். ‘ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள், இன்னொருவரிடம் கொடுங்கள்’ என்று வேறு வேறு பெயர்களில் மெயில் வந்துகொண்டேயிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால், அவசரப்படுத்திய அந்தக் குரல்களை அவர் தனியாக எதிர்கொண்டிருக்க வேண்டியதில்லை. கையாட்கள் குறைவாக இருந்த இடத்தில்தான் அந்த ஜியா டான் நுழைந்தான்.

நீங்கள் செய்யக்கூடியது, கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படிப்பது. கெட்ட கோடை உசுப்பிய பில்ட் ஸ்கிரிப்ட் கிட்டில் இல்லை, வெளியீட்டு டார்பாலில் (பதிவிறக்கத் தரும் சுருக்கிய கோப்பு) மட்டும் இருந்தது. மீதி, டெஸ்ட் ஃபைல்கள் என்ற பெயரில் யாரும் திறந்து படிக்க முடியாத பைனரிகளுக்குள் ஒளிந்திருந்தது. அதனால் டார்பாலையும் கிட் ரெப்போவையும் ஒப்பிடுங்கள். பில்ட் ஸ்கிரிப்டில் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் கேளுங்கள். பைனரி ஃபைல் வந்தால் அது எப்படி உண்டாக்கப்பட்டது என்று கேளுங்கள். சுத்தமான சூழலில் நீங்களே பில்ட் செய்யுங்கள், அவர் பில்ட் செய்து தந்ததை ஏற்றாதீர்கள். நல்ல பங்களிப்பாளர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு ஏற்றாதீர்கள், அது ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி: ஏஐ எழுதிய கோடைப் பேட்சாக அனுப்பலாமா? மென்டரிடம் சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகர்

திட்டத்துக்குத் திட்டம் விதி வேறு, சில இடங்களில் அறவே கூடாது, முதலில் அதைப் படியுங்கள். அனுமதி உள்ள இடத்திலும் சொல்லிவிடுங்கள். கெர்னலில் 2004 முதல் ஒவ்வொரு பேட்சின் அடியிலும் ‘சைன்டு ஆஃப் பை’ என்று ஒரு வரி போடும் வழக்கம் இருக்கிறது, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் உறுதி சொல்லும் வரி அது. அதற்குக் கீழே அதை ஏற்றுக்கொண்ட மெயின்டெய்னரும் தன் பெயரைப் போடுவார். உங்களுக்கே விளங்காத வரிக்கு அவர் பெயர் போட நேர்ந்தால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். “இந்த வரி எதற்கு?” என்று கேட்டால் உங்கள் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல முடிகிறதா என்று அனுப்பும் முன் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி போன்றவற்றில் சேர்ந்தால்தான் மென்டர் கிடைப்பாரா?
– வேலை தேடிக்கொண்டிருக்கும் வாசகி

இல்லை, ஆனால் சேர முடிந்தால் நல்லது. முதலாவது 2005-ல் மாணவர்களுக்காகத் தொடங்கியது, 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். அவுட்ரீச்சி, தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கலுக்கு ஆளாகிறவர்களுக்காக நடப்பது. இரண்டிலும் உதவித்தொகை உண்டு, மென்டரும் உண்டு. அவுட்ரீச்சியில் விண்ணப்பக் காலத்திலேயே திட்டத்துக்கு ஏதாவது பங்களித்தாக வேண்டும். அந்தச் சில வாரங்களில் மென்டர் உங்களுக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்று நீங்களும் கவனியுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பேட்ச்சுகள் உங்களுடையவை, அங்கேயே தொடரலாம்.

கேள்வி: இரண்டு வருடமாக ஒருவரை ஸ்பான்சர் செய்கிறேன். அவர் பேக்கேஜில் நான் திருத்தம் சொல்லியே பல மாதமாகிறது. இருந்தாலும் அவருக்கு நேரடி உரிமை வாங்கிக்கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. எப்போது சரியான நேரம்?
– டெபியன் டெவலப்பர்

அந்த நேரம் பல மாதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. திருத்தம் சொல்ல எதுவும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவர் ஒவ்வொரு முறையும் உங்கள் ஓய்வுநேரத்துக்காகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்து, நீங்கள் பயணத்தில் இருந்தால் பயனர்களும் சேர்ந்து காத்திருப்பார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் புரிகிறது, மொத்தச் சாவியையும் கொடுப்பது போல இருக்கிறது. ஆனால் டெபியனிலேயே இடையில் ஒரு படி இருக்கிறதே, 2007-ல் ஓட்டெடுத்துக் கொண்டுவந்த டெபியன் மெயின்டெய்னர் என்ற நிலை. எந்தெந்தப் பேக்கேஜை அவர் தானே ஏற்றலாம் என்று நீங்களே தீர்மானிக்கலாம், வேண்டாமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். மற்ற திட்டங்கள் சில இதற்கு எண்ணிக்கையே வைத்திருக்கின்றன. ஓப்பன்ஜேடிகேவில் குறிப்பிடத்தக்க 8 பங்களிப்புகள் இருந்தால் கமிட்டராக முன்மொழியலாம் என்பது பொதுவான அளவு. உங்கள் ஆள் இரண்டு வருடத்தில் எத்தனை ஏற்றங்கள் செய்திருக்கிறார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அவர் தானாக வந்து கேட்பார் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலானவர்கள் கேட்க மாட்டார்கள், தகுதி இல்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த வாரம் அவருக்கு ஒரு மெயில் எழுதி, நான் பரிந்துரைக்கிறேன், விண்ணப்பிக்கிறீர்களா என்று கேளுங்கள். பரிந்துரையில் ‘நல்லவர், திறமையானவர்’ என்று எழுதுவதைவிட, எந்தப் பக்கை எப்படிக் கையாண்டார், மூல மென்பொருளை எழுதியவரோடு எப்படிப் பேசினார், தான் தவறு செய்தபோது என்ன செய்தார் என்று இரண்டு மூன்று சம்பவம் எழுதுங்கள், படிப்பவர்களுக்கு அதுதான் உதவும். உரிமை கிடைத்த பிறகு முதல் இரண்டு ஏற்றத்தின்போது அவர் உங்களிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் ஏற்றுவார். மூன்றாவதை உங்களுக்குச் சொல்லாமலே ஏற்றிவிடுவார்.